பெயர் சொல்லி வந்த கடிதங்கள்

அக்கா ஜெர்மன் பள்ளியின் கடைசி வகுப்பான அபிட்டூர் வகுப்பில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான ஒரு தேர்வை அவள் எழுதினாள். தன் முகவரியைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கலாம் என்ற கட்டத்தில் புள்ளடியும் போட்டாள். பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின.

அவற்றில் ஒரு பல்கலைக்கழகம் கிழமை தவறாமல் எழுதியது. அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து, உங்களைப் போன்ற ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றது. அப்பா ஒவ்வொன்றையும் அச்செடுத்து, எங்கள் விசாக் கடிதங்கள் இருந்த கோப்பில் வைத்தார். பீலெஃபெல்டுக்கு அகதியாக வந்த நாள் முதல் எந்த அலுவலகமும் அவருக்குக் காரணமில்லாமல் எழுதியதில்லை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும், மகளை அமெரிக்காவில் கேட்கிறார்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அக்காவும் அந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பித்தாள்.

தை மாதத்தில் வேறொரு கடிதம் வந்தது. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் அக்காவுக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சிக்கான இடம் கிடைத்திருந்தது. ஒரு கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

“கூப்பிடுறதும் எடுக்கிறதும் ஒண்டோ? ஆஸ்பத்திரிக்காரர் கையெழுத்தெல்லோ கேக்கினம்” என்றார் அம்மா.

“எடுக்கிற எண்ணமில்லாத ஆக்கள் கிழமைக்கொருக்கா பேர் சொல்லி எழுதுவினமோ?” என்று அப்பா கேட்டார்.

அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

எனக்கு யாரும் எழுதுவதில்லை என்ற குறை எனக்கு. மறுநாள் பள்ளியால் வந்ததும் கணினியைத் திறந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போனேன். விபரம் வேண்டுவோர் நிரப்பும் படிவம் ஒன்று இருந்தது. என் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்து, பிறந்த ஆண்டை மட்டும் அக்காவினதாகப் போட்டேன்.

அடுத்த நாளே பதில் வந்தது. கோப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் அக்காவுக்கு வந்த அதே கடிதம். அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர்.

எனக்குப் பயம் பிடித்தது. ஒரு வீட்டில் இரண்டு பேரை எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். என்னை எடுத்தால் அக்காவை விட்டுவிடுவார்கள். அப்பா தொழிற்சாலையால் வருவதற்குள் கடிதத்தை அழித்தேன். அன்றிரவு சாப்பாட்டில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், செய்ததைச் சொல்லிவிட வாய் துடித்தது. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக்கூடாதென்று அடக்கிக்கொண்டேன்.

“ஆஸ்பத்திரிக்கு ஏலாதெண்டு எழுதிப்போட்டன்” என்றாள் அக்கா. அம்மா சோற்றைப் பரிமாறினார்.

பங்குனி முடிவில் அமெரிக்காவிலிருந்து முடிவு வந்தது. இடமில்லை என்று நான்கே வரி. ‘அன்புள்ள விண்ணப்பதாரருக்கு’ என்று தொடங்கியது. அப்பா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். கடைசியில், பேரைக் காணேல்லையே, வேறு யாருக்கோ வந்ததாக்கும் என்றார். அக்கா ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்த இடத்துக்கு வேறொருத்தியைச் சேர்த்துவிட்டார்கள். அக்கா ஒரு வருடம் ரொட்டி சுடும் வெதுப்பகம் ஒன்றில் காலை வேலை செய்துவிட்டு, மறு வருடம் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப விண்ணப்பித்துச் சேர்ந்தாள்.

முடிவு வந்த அன்று அக்கா குளியலறைக்குள் நெடுநேரம் அழுதாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது: நான் விட்டுக்கொடுத்த இடத்தை அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள்?