சீனாவில் எதையும் குப்பையில் போடாதீர்கள்

இந்த ஐப்பசியில் சீனாவுக்குப் போய், காண்டன் நகரத்தில் மூன்று டன் கடல் அட்டையை விலை பேசி விற்றுவிட்டு வந்தேன். போக வரப் பதினாறு நாள். சிங்கப்பூர் தரகர் கையில் கொடுக்காமல், தூத்துக்குடிச் சரக்கை நேரே சீனாக்காரரிடம் பேசி விற்றவர்கள் எனக்குத் தெரிந்து நம் பஜாரில் யாரும் இல்லை. வந்த நாளிலிருந்து ஆள் மாற்றி ஆள் நிறுத்திக் கேட்கிறார்கள். விசா எப்படி? குளிரா? பாம்பு கொடுத்தார்களா? சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அறுபத்திரண்டில் சீனாவோடு நடந்த சண்டை முடிந்து பதினாறு வருஷம் கழித்து இப்போதுதான் இரண்டு பக்கத்து வியாபாரிகளும் போய்வர ஆரம்பித்திருக்கிறோம். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, நான் பட்ட அவமானத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அட்டை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் தரையில் வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கிற பிராணி அது. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு நம் கடற்கரையில் மூழ்குகிற ஆட்கள் சங்குக்கும் அட்டைக்கும்தான் மூழ்குகிறார்கள். குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுரண்டி வெயிலில் போட்டால் கருங்கல் மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் நாய்கூட மோந்து பார்க்காது. சீனர்களுக்கு அது கல்யாண விருந்து. பன்னிரண்டு வயதில் கருவாட்டுக் கூடை சுமந்து ஆரம்பித்தவன் நான். இருபது வருஷமாக அட்டை அனுப்புகிறேன். அதைத் தின்கிறவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் சிங்கப்பூர் தரகர் கழுத்தில் கத்தி வைத்தார். கிலோவுக்குப் பதினான்கு ஹாங்காங் டாலர், ஐப்பசி தாண்டினால் பன்னிரண்டு என்று கடிதம். அடைமழை பிடித்தால் என் தகரக் கூரைக் கிட்டங்கியில் அட்டை ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பூத்துவிடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று டன்னும் என் சொந்த முதல். வருகிறது வரட்டும் என்று காண்டன் வியாபாரக் கண்காட்சிக்கு எழுதிப் போட்டேன். ஆறு வாரத்தில் அழைப்பு வந்துவிட்டது! அழைப்பு இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. முதலில் அதற்கு எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அந்நியச் செலாவணி அனுமதிக்கு மூன்று வாரம் ஆகும். காலரா ஊசி போட்ட மஞ்சள் புத்தகம் கட்டாயம்.

சாம்பிள் கட்டியது சூசை. என் கொட்டடியில் அட்டை அவிப்பதிலிருந்து காயவைப்பது வரை எல்லாம் அவன் பொறுப்பு. பிஸ்கட் டின் ஒன்றில் பெரிதாக, கறுப்பாக, ஒரே அளவாக ஒரு கிலோ பொறுக்கி மேலே அடுக்கினான்.

“அடியில இந்தச் சாதா அட்டை பத்த அடைச்சுக்கிடுதேன் அண்ணாச்சி. வண்டியில ஆடப்பிடாதுல்லா?”

“அடைலே. மேல உள்ளது முகம் பாக்கும்படியா இருக்கணும்.”

மூன்று டன் முழுக்க அந்தச் சாதா அட்டைதான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நம் கரையில் எந்தக் கூடையைத் திறந்தாலும் மேல் மீன் பெரிதாகத்தான் இருக்கும். வாங்குகிறவர் அடியில் கைவிட்டுப் பார்ப்பார், நாலு வார்த்தை ஏசுவார், விலையைக் குறைப்பார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போவோம். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

தூத்துக்குடியிலிருந்து சாயங்கால வண்டி, பதினாறு மணி நேரத்தில் எழும்பூர். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஹாங்காங்குக்கு விமானம், போக வர ஐயாயிரத்து நானூறு ரூபாய். துணைக்கு மீரான் காக்கா வந்தார். காயல்பட்டினத்துக் கல் வியாபாரி, பச்சைக்கல் வாங்க வந்தவர். ஹாங்காங் அவருக்குப் பழகிய ஊர். அங்கே பாஸ்போர்ட்டைச் சீனப் பயண ஆபீசில் கொடுத்தால் இரண்டு நாளில் முத்திரை குத்தித் தருகிறார்கள். கடிகாரத்தை நம் நேரத்திலிருந்து இரண்டரை மணி முன்னால் தள்ளி வையுங்கள். நான் மறந்து, முதல் நாள் காலைப் பலகாரத்தை விட்டேன்.

காலை எட்டரைக்குக் கௌலூனில் ரயில் ஏறினால் இருபத்திரண்டு மைல், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லையில் இறங்கி, பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு, கூரை போட்ட பாலம் ஒன்றை நடந்து கடக்க வேண்டும். ஐம்பது அறுபது கெஜம் இருக்கும். அந்தப் பாலத்தின் நடுவில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. பாளையங்கோட்டை தாண்டாத அப்பனுக்குப் பிறந்தவன் சீனாவுக்குள் நடந்து போகிறேன்! பெட்டி கனமாக இருந்தால் இந்த உணர்ச்சியெல்லாம் வராது, அதனால் குறைவாகக் கொண்டுபோங்கள்.

அந்தக் கரையில் கடிகாரம், மோதிரம், காமிரா, கையிலுள்ள பணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். திரும்பும்போது ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும். என் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்த அதிகாரி, அட்டையைக் கண்டதும் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பாதிச் சரக்கு விற்றுவிட்ட மாதிரி இருந்தது. மதியம் ஒரு மணிக்கு மறு ரயில், தொண்ணூறு மைல், இரண்டரை மணி நேரம். இருக்கைக்கு வெள்ளைத் துணி, மூடி போட்ட கோப்பையில் பாலில்லாத தேநீர். தரையில் ஒரு வேர்க்கடலைத் தோல் கிடையாது.

காண்டனில் ஓட்டல் அறை நாளுக்கு இருபத்து நான்கு யுவான். யுவானுக்கு நம் பணம் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் எப்போதும் வெந்நீர் பிளாஸ்க் இருக்கும், அதைத்தான் குடிக்க வேண்டும். பக்ஷிஸ் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், முகம் சுளிப்பார்கள். இரவுச் சாப்பாடு ஆறரைக்கு, எட்டுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். போன அன்று சாயங்காலமே டின்னைப் பிரித்து நல்ல அட்டையைத் துணியில் கட்டினேன். அடியில் கிடந்த பத்தையும் மேஜைக்குக் கீழ் இருந்த குப்பைக்கூடையில் போட்டேன். காக்காவும் வார் அறுந்த தன் செருப்பைத் தன் அறையில் அதே மாதிரி வீசினார்.

மறுநாள் காலை அறை பார்க்கிற அம்மாள் அந்தச் செருப்பை வார் தைத்து, தாளில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். காக்கா மறுபடி கூடையில் போட்டார். மத்தியானம் அது மறுபடி கட்டில் பக்கத்தில் இருந்தது.

“இந்தச் சனியன் என்னய விட மாட்டேங்குது வே. ஊருக்குப் போனாலும் பின்னால வரும் போலருக்கு” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது சிரித்தேன்.

கண்காட்சி மண்டபம் நம் புதுத் துறைமுகக் கிட்டங்கிகள் நாலைச் சேர்த்த அளவு. உலர்ந்த கடல் சரக்குக்குத் தனி மேஜை. மொழிபெயர்க்க லின் என்ற பெண், நல்ல இங்கிலீஷ். சரக்குப் பார்க்கிறவர் சென் என்ற கிழவர், நீலச் சட்டை, நீளமான விரல்கள். என் அட்டையை மேஜையில் தட்டினார். காதில் வைத்துக் கேட்டார். நாக்கில் தொட்டார். மூன்று தடவை தேநீர் வந்தது. அவசரப்படாதீர்கள், அவசரப்பட்டால் தேநீர்தான் இன்னும் வரும். கடைசியில் லின் சொன்னாள்: கிலோ இருபத்து நான்கு ஹாங்காங் டாலர்.

இருபத்து நான்கு! தரகர் பதினான்குக்குக் கேட்ட சரக்கு! எழுந்து மேஜையைச் சுற்றி ஓடவேண்டும் போல இருந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிழவர் என் சாம்பிளை ஒரு துணிப்பையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, என் பெயரைச் சீனத்தில் எழுதி உள்ளே அனுப்பினார்.

மறுநாள் ஒப்பந்தத்தை வரி வரியாக லின் படித்துச் சொன்னாள். ஏழாவது வரியில் எனக்கு வேர்த்தது. வந்து சேரும் ஒவ்வொரு மூட்டையும் முத்திரை வைத்த சாம்பிள் போலவே இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுச் சரக்கும் என் செலவில் திரும்பும். அவர்களுக்குச் சாம்பிள் என்றால் அதுதான் சரக்கு. கூடையின் அடியில் கைவிட்டுப் பார்க்கிற வழக்கமே அங்கே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து என்றார்கள்.

சாப்பாட்டு மேஜையில் காக்காவிடம் சொன்னேன்.

“கையெழுத்தப் போடும்வே. சரக்கு இங்கன வந்து சேர ரெண்டு மாசம் ஆவும். அப்பம் பாத்துக்கிடலாம்.”

“அப்பம் பாத்தா சரக்கு திரும்பி வரும் காக்கா. கப்பல் கூலி ரெண்டு பக்கமும் என் தலையில.”

“அப்பம் வயித்துவலின்னு சொல்லிட்டு ஊரப் பாத்து நடையக் கட்டும்.”

“ஊர்ல மழை வரப்போவுது.”

காக்கா கோழித் துண்டு ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் மறுநாள் போனேன். பேனா கையில் இருக்கிறது. லின் கைப்பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்து, சென் கிழவருக்கு முன்னால் மேஜையில் வைத்தாள்.

“கண்காட்சிச் சரக்கு என்று ஓட்டலில் என்னிடம் கொடுத்தார்கள். உங்கள் அறையில் தவறவிட்டு விட்டீர்களாம். பத்து இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.”

நான் கை நீட்டுவதற்குள் கிழவர் நூலை அவிழ்த்துவிட்டார். நான் போட்ட பத்து அட்டை. ஒன்றை எடுத்து மோந்தார். தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். காண்டனில் வேறு யார் அறையில் தூத்துக்குடி அட்டை இருக்கும்?

பேனாவை மூடினேன். “என் கிட்டங்கியில் கிடக்கிற மூன்று டன்னும் இதுதான்” என்றேன். “முதலில் கொடுத்தது பொறுக்கி எடுத்தது. எங்கள் ஊரில் சாம்பிளை அப்படித்தான் கொடுப்போம். வாங்குகிறவரும் அது தெரிந்தே வாங்குவார். உங்கள் முறை நேற்றுத்தான் தெரிந்தது.”

லின் நெடுநேரம் மொழிபெயர்த்தாள். கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதை ஏன் குப்பையில் போட்டீர்கள்?

“காட்ட வெட்கமாக இருந்தது.”

கிழவர் முத்திரை வைத்த பையை வரவழைத்தார். அரக்கைத் தானே உடைத்தார். இரண்டு வகையும் இரண்டு நாள் தண்ணீரில் ஊறட்டும், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். கோபமா, கிண்டலா, ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த இரண்டு நாளும் சும்மா அறையில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஊர் சுற்றினேன். சைக்கிள்! காலை ஏழு மணிக்கு ரோட்டில் சைக்கிள் வெள்ளம், மணிச் சத்தம் நம் கோயில் கொடைத் திருவிழா மாதிரி. அங்கே பழைய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது, முஸ்லிம் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது, பன்றி சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள், பெரும்பாலும் தலையாட்டுவார்கள். பாலத்தையும் ரயில் நிலையத்தையும் எடுக்காதீர்கள். ஓட்டல் பெயரைச் சீனத்தில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். நான் இரண்டு தடவை வழி தப்பினேன், இரண்டு தடவையும் முன்பின் தெரியாத ஆள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். பாம்பும் உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கடையில் அட்டைக் கறி கேட்டேன். ஆறு யுவான். காளானும் வெங்காயத் தாளும் போட்டு, பழுப்புக் குழம்பில் வழவழவென்று வந்தது. இருபது வருஷம் விற்ற பொருளை முதல் தடவையாக வாயில் வைத்தேன். அட்டைக்கென்று ருசி இல்லை, குழம்பின் ருசியை இழுத்துக்கொள்கிறது. மெல்லும்போது பல்லில் நறுக்கென்று ஒரு மணல். எந்தக் கடற்கரை மணலோ!

வெள்ளிக்கிழமை மேஜையில் இரண்டு வெள்ளைத் தட்டுகள். பொறுக்கியது பெரிதாக ஊறியிருந்தது, ஆனால் இரண்டு வெடித்திருந்தன. சாதா அட்டை சின்னதுதான், பத்தும் ஒரே மாதிரி மூன்று மடங்கு பருத்திருந்தன. கிழவர் தண்ணீரைச் சாய்த்து, இரண்டு தட்டிலும் அடியில் தங்கியதைக் காட்டினார். ஒரு கரண்டி மணல். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “அட்டைக்குத்தான் பணம் தருகிறாராம். உங்கள் கடற்கரையை எதற்கு விற்கிறீர்கள் என்று கேட்கிறார்.”

அப்போதுதான் மூச்சு வந்தது. ஏசுகிறார் என்றால் வாங்கப் போகிறார். இதில் எல்லா ஊரும் ஒன்றுதான். அவர் பதினாறு என்றார். நான் இருபது என்றேன். இன்னும் மூன்று தேநீர் குடித்தோம்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். வயிற்று மாத்திரை கொண்டுபோங்கள். பொய் சொல்லாதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் ஆளில்லை, நான் வியாபாரி. ஆனால் அந்த ஊரில் நீங்கள் கீழே போட்டது உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடும். அதை மனதில் வைத்துப் பெட்டி கட்டுங்கள்.

நான் திரும்பிய அன்று தூத்துக்குடியில் வானம் மூட்டமாக இருந்தது, இன்னும் பெரிய மழை இறங்கவில்லை. சூசை கிட்டங்கி வாசலிலேயே நின்றான்.

“என்ன சொல்லுதான் அண்ணாச்சி சீனாக்காரன்?”

“மணல ஒழுங்கா அலசச் சொல்லுதான்லே.”

“அப்பம் நான் அடியில அடைச்சதுதான் வித்துச்சா?”

“அதேதான்.”

“அப்பம் எனக்கு?”

நாலு யுவான் கொடுத்து வாங்கிய பூப்போட்ட பிளாஸ்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினேன். சாதா அட்டை மூன்று டன். கிலோ பதினெட்டு ஹாங்காங் டாலர். கார்த்திகை முடிவதற்குள் தூத்துக்குடியில் கப்பலேற்ற வேண்டும், அதுவரை செலவு என்னுடையது, பிறகு அவர்களுடையது. மணல் கிலோவுக்கு இருபது கிராமைத் தாண்டினால் தாண்டிய எடை கழியும். சரக்கு ஏற்றியதற்கான கப்பல் சீட்டைக் காட்டியதும் பாங்கியில் பணம். அடுத்த வருஷத்துக்கான சாம்பிள் ஒரு கிலோ, மூட்டையின் அடியிலிருந்து எடுத்தது.