ஜன்னலில் வைத்த கார்த்திகை விளக்கு

முருகன் அடியார்களுக்கு வணக்கம். இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். அவன் அருளைச் சொன்னால் என் பொறாமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

1997. டெக்சாஸில் இர்விங் என்ற ஊரில் ஒரு அபார்ட்மெண்ட். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் இன்ஜினியர். நல்ல மனுஷன், ஆனால் சாமி கும்பிட மாட்டார். பக்கத்து பில்டிங் வசந்தாவின் கணவரோ பட்டையாக விபூதி பூசி, அவளோடு உட்கார்ந்து பூஜை செய்வார். பார்த்துவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவள் பட்டுப்புடவை மேல் ஆசையில்லை. அந்த விபூதி நெற்றி மேல்தான் என் கண்.

எங்கள் சண்டையெல்லாம் கூரையில் மாட்டியிருந்த ஸ்மோக் அலாரத்தால் வரும். சாம்பிராணி போட்டால் கத்தும். நான் பேட்டரியைக் கழற்றுவேன், அவர் திரும்ப மாட்டுவார்.

"குழந்தை இருக்கற வீடு, ராஜி. உன் முருகனுக்கே மூச்சு முட்டும்."

"வசந்தா வீட்ல அவரே கழட்டிக் குடுக்கறாராம்."

"அப்ப அங்கயே போய் இரு."

கார்த்திகை தீபம் வந்தது. வாசலில் விளக்கு வைக்க அபார்ட்மெண்ட் ஆபீசில் விடவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாம்பிராணி போட்டேன். பூஜை அலமாரி பக்கத்து ஜன்னலில் அகல்களை வரிசையாக ஏற்றினேன். நாலு வயது மகள் உள்ளே தூங்கினாள். சோபாவில் சாய்ந்திருந்தவரிடம், "விளக்கப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வசந்தா வீட்டுப் பஜனைக்குப் போனேன்.

அங்கே அவள் கணவர் ஜால்ரா தட்டிப் பாடினார். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு வயிறு எரிந்தது. "முருகா, இவரையும் ஒரு தடவையாவது உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்து" என்று அழுதேன்.

திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஒரே புகை. அலாரம் கத்துகிறது. ஜன்னல் திரை கருகித் தொங்குகிறது. முருகன் படத்துக்கு நேர் முன்னால், ஒரு கையில் மகளும் மறு கையில் ஈரப் போர்வையுமாக அவர் நின்றார். தீ படத்தைத் தொடாமல் அணைந்திருந்தது.

"பேட்டரி?" என்றேன்.

"நீ கிளம்பி, சாம்பிராணிப் புகை அடங்கினதும் மாட்டினேன். தூக்கம் சொக்குச்சு, அது கத்தித்தான் முழிச்சேன். என்னமோ மாட்டணும்னு தோணுச்சு."

"யார் தோண வச்சா?"

"என் புத்தி" என்றார்.

"டாடி, ஸ்டாப் ஷேக்கிங்" என்றாள், நடுங்கும் அவர் கையிலிருந்த மகள்.

இன்றும் அவர் விபூதி பூசுவதில்லை. வசந்தா அந்த விபூதி நெற்றிக் கணவரோடு எதிரில் வந்தால் எனக்கு இன்னும் சுருக்கென்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி எடுத்தால், இவர் தானே ஸ்டூல் போட்டு ஏறிப் பேட்டரியைக் கழற்றுகிறார். புகை அடங்கும்வரை முருகன் முன்னால் நின்று, திரும்ப மாட்டிவிட்டுத்தான் நகர்கிறார்.

சாமி கும்பிடாத கணவரோடு வாழும் சகோதரிகளே, அவனை நம்பிக் கேளுங்கள். யார் கையால் தருவான் என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, என் வீட்டுக்காரர் பக்தராகிவிட்டார் என்று மட்டும் சேர்க்காதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அதுவே அவன் அருள்தான்.