சுப்புராயன் மேஸ்திரி வீட்டு மாடிப்படி

கரிக்கலாம்பாக்கத்தில் யார் வீடு கட்டினாலும் சுப்புராயன் மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டார். அது வாஸ்துக்காரன் பாடு. "மாடிப்படி உள்ளயா, வெளியவா?" என்பார். வீட்டுக்காரர் யோசிப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "வெளியவே வெச்சிக்கோ சார். நாளைக்குப் புள்ளைங்க வளர்ந்து நிக்கும்."

உள்ளே படி வைத்தால் மேலும் கீழும் ஒரே குடித்தனம். மேலே போகிறவன் கீழே இருக்கிறவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். வெளியே வைத்தால் வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. மகனுக்கும் விடலாம், வாடகைக்கும் விடலாம், சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிக் கல் நட்ட பிறகு அந்த ஊரில் எழும்பிய வீடுகளில் பாதியாவது அவர் கை பட்டதுதான். எல்லாவற்றிலும் படி வெளியேதான் இருக்கும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் சொந்த வீடு மட்டும் வேறு மாதிரி. ஊருக்கெல்லாம் தளம் போட்டவர் வீட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தகரம் தெரியும். தளத்தில் ஆள் ஏறிப்போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதன்மேல் தகரம், தகரத்தின்மேல் கருங்கல். வீடு கட்டிய காலத்தில் உள்ளே படி வைக்கத்தான் அந்த இடத்தை விட்டுவைத்தார். கீழே தரைக்கு அடியில் படிக்கு அஸ்திவாரம்கூடப் போட்டாயிற்று. கம்பியை மடக்கிப் படுக்கவைத்து, மேலே தரையை இழுத்துப் பூசி மூடிவிட்டார். மாடி எடுக்கும்போது உடைத்து நிமிர்த்திக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். அப்போது பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் பிரிந்துபோவார்கள் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

மாடி எழும்பவில்லை. மகன் அன்புராஜின் பாலிடெக்னிக்கும் மகள் உஷாராணியின் நர்ஸிங்கும் மாடியைத் தின்றுவிட்டன. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டு நின்ற கம்பிகளுக்கு வருஷா வருஷம் சிமெண்ட் பால் அடித்துத் துரு ஏறாமல் பார்த்துக்கொண்டார். மழை பெய்தால் தகரத்தின் ஓரமாகச் சொட்டும். அதற்குக் கீழே ஒரு பெயிண்ட் வாளி எப்போதும் இருக்கும். அந்த வீட்டில் வாளியும் ஒரு ஆள் மாதிரி.

பிள்ளைகள் படித்து வேலைக்கும் போய்விட்டார்கள். அன்புராஜுக்கு திருபுவனைப் பக்கம் மருந்துக் கம்பெனியில் மெஷின் பார்க்கிற வேலை. உஷாராணி அரியூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அவனுக்கு முப்பதைத் தாண்டியாயிற்று, அவளுக்கு முப்பது நெருங்குகிறது. தங்கச்சிக்கு முடியட்டும் என்று இவன் நிற்க, அண்ணனுக்கு முடியட்டும் என்று அவள் நிற்க, இரண்டு பேருமே கூடத்தில் நின்றார்கள்.

வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே ரூம், ஒரே கூடம், ஒரே பாத்ரூம் வைத்துக் குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. அன்புராஜ் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவான். சைட்டில் கத்தினால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மனிதர், தன் சொந்த வீட்டில் கிசுகிசுப்பார். டீவி ஓடும், சத்தம் வராது. வாய் அசைவதை வைத்தே செய்தியைப் புரிந்துகொள்வார். அவர் மனைவி சின்னப்பிள்ளைக்கு அடுப்பு அணைவதே கிடையாது. நாலு பேர் நாலு நேரத்தில் சாப்பிடுகிற வீடு அது. உஷாராணியோ அப்பனுக்கு பிரஷர் என்று கண்டுபிடித்து, பீடியைப் பிடுங்கினாள், உப்பைக் குறைத்தாள், ஊறுகாய் பாட்டிலைக் கைக்கு எட்டாத பரண்மேல் தூக்கி வைத்தாள்.

"சம்பாரிக்கிற பொண்ணு வூட்ல இருந்தா ஊறுகாகூட திருட்டுத்தனமாத்தான் துண்ணணும்பா" என்று டீக்கடையில் புலம்புவார். புலம்பல் மாதிரிதான் இருக்கும். ஆனால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அந்த ஆள் பீற்றிக்கொள்கிறார் என்று. சைட்டிலிருந்து வந்தால் முன்வாசல் வழியாக நுழைய மாட்டார். பின்பக்கக் குழாயடியில் சட்டையைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். கொடியில் காய்கிற அவள் யூனிபார்மில் சிமெண்ட் தூசு பட்டுவிடக் கூடாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் பாகூரிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பையனைப் பிடித்தது, வேலையும் பிடித்தது. பெண்ணின் பெரியம்மா மட்டும் காபியைக் குடித்துக்கொண்டே அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள். கீழே வாளியைப் பார்த்தாள். கல்யாணமானால் சின்னஞ்சிறுசுகள் எங்கே படுக்கும் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உஷாராணியையும் ஒரு பார்வை பார்த்தாள். போனவர்கள் போன்கூடப் பண்ணவில்லை.

அடுத்த வாரம் சின்னப்பிள்ளையின் தம்பி பாக்யராஜ் வந்தான். வில்லியனூரில் மனை வாங்கி விற்கிறவன். யாருக்கும் யோசனை சொல்ல அவன் தயங்கியதே கிடையாது.

"மாமா, ஊருக்கெல்லாம் வெளிய படி வெச்சிக் குடுத்துட்டு, உன் வூட்ல மட்டும் இன்னா இது? அந்த ஓட்டைய மூடு. வெளிய படி போட்டு மேல தனி போர்ஷனா எடு. தனி மீட்டர், தனி வாசல். நாத்தனாரத் தாண்டித்தான் மாடிக்குப் போவணும்னா எவன் மாமா பொண்ணு குடுப்பான்?"

சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உஷாராணியின் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சுப்புராயனுக்கு அது அறிவாகவே பட்டது. தன் வாயால் ஊருக்கெல்லாம் சொன்ன அறிவுதானே. மறுநாளே சுவரோரம் வெளிப்படிக்குப் பள்ளம் தோண்ட ஆள் விட்டார். ஓட்டைக்குக் கீழே முட்டு கொடுத்து, சென்ட்ரிங் பலகை அடித்து, மேலே கம்பி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போட்டால் ஓட்டை இருந்த இடம் தெரியாது. அதன் பிறகு மேல் வீடு வேறு, கீழ் வீடு வேறு. சின்னப்பிள்ளை வாளியை மட்டும் நகர்த்த மறுத்துவிட்டாள். அது பலகைக்கு நேர் கீழேயே உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை சாப்பிடும்போது உஷாராணி விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரி ஆஸ்டலில் இடம் கேட்டிருக்கிறாளாம். ஒன்றாம் தேதியிலிருந்து அங்கேயே தங்கிக்கொள்வாளாம். டூட்டிக்குப் போய்வரவும் சுலபமாம். கோபமில்லை, அழுகையில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து அப்பனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சுப்புராயன் அந்த பாட்டிலைத் தொடவில்லை. எத்தனையோ நாள் அதை நினைத்து ஏங்கிய ஆள், பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். இவர்கள் எப்போது கிளம்புவார்கள், நாம் எப்போது காலை நீட்டுவோம் என்று வாய்விட்டே சொன்னவர்தான். இப்போது ஒருத்தி கிளம்புகிறேன் என்கிறாள், சோறு இறங்கவில்லை. ஆனாலும் கலவைக்குச் சொல்லியாயிற்று, ஆளுக்குச் சொல்லியாயிற்று. ஒன்று சொல்லிவிட்டு மாற்றுகிற பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டிக்கு உஷாராணி கிளம்பிப் போன பிறகு ஆட்கள் வந்தார்கள். வாசலில் ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அன்புராஜ் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்து இறங்கினான். உள்ளே போனான். அம்மாவும் மகனும் ஏதோ பேசிக்கொண்ட சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் யாரிடமும் பேசாமல் மூங்கில் ஏணியில் ஏறி, மொட்டை மாடிக்குப் போய், ஓட்டைமேல் கட்டியிருந்த கம்பி வலையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

சுப்புராயன் பின்னாலேயே ஏறி வந்தார்.

"டேய், எழுந்திர்ரா. கலவ இறுகுது."

"இறுகட்டும்."

சித்தாள் விஜயராணி தலையில் முதல் சட்டிக் கலவையோடு ஏணி உச்சியில் வந்து நின்றாள். அப்பனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேஸ்திரி, கொட்டறதா வேணாமா? தல நோவுது."

"இருடி." மேஸ்திரி மகனிடம் குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் பொண்ணு வேணாமா? உனக்காகத்தான்டா இதெல்லாம்."

"எனக்காகவா? என்னைய ஒரு வார்த்த கேட்டியா? உஷா ஆஸ்டலுக்குப் போறாளாம். அவ போனா நானும் கம்பெனிப் பக்கம் ரூம் எடுத்துக்கினு பூடுவேன். நீ மாடியக் கட்டி வெச்சிக்கோ. யாருக்கு, புறாவுக்கா?"

தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்தும் பார்த்தார்கள். அந்த வீட்டுக்கு வெளிப்படி வைத்ததும் சுப்புராயன்தான். மேலே இருக்கிற மகன் கீழே இருக்கிற அப்பனோடு பேசுவதில்லை.

அவனையே பார்த்துக்கொண்டு நின்றார் சுப்புராயன். தோள் அகலமாக, கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிறான். ஷிப்ட் பார்த்த கண் சிவந்திருக்கிறது, ஆனாலும் அசைய மாட்டேன் என்கிறான். தங்கச்சிக்காகக் கம்பிமேல் உட்கார்ந்திருக்கிறான். சொன்னால் சொன்னதுதான் என்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை. அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"கம்பியையும் பலகையையும் பிரிங்க" என்றார் ஆட்களிடம். "கலவமேல ஈரச் சாக்கு போடுங்க. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது."

விறுவிறுவென்று கீழே இறங்கினார். கூடத்துக்குள் போய் வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். இந்தத் தடவை சின்னப்பிள்ளை தடுக்கவில்லை. அவளே கடப்பாறையை எடுத்து வந்து கொடுத்தாள். தான் பூசிய தரையைத் தானே குத்தினார். நாலு குத்துக்குப் பிறகு அன்புராஜ் வந்து கடப்பாறையை வாங்கிக்கொண்டான். அவனுக்கு வேலை தெரியாது, பலம் மட்டும்தான் இருந்தது. "அங்க இல்லடா, இங்க" என்று அப்பன் காட்டக் காட்ட, அவன் குத்தினான். பூச்சு பெயர்ந்தபோது மடக்கி வைத்த கம்பி அப்படியே கிடந்தது. மேலிருந்து சொட்டிய மழை எல்லாம் வாளிக்குள் போயிருந்ததால் துரு ஏறவில்லை. நிமிர்த்தினார்கள். பலகை வைத்து, இறுகுவதற்குள் கலவையைக் கொட்டி, கரணையால் இழுத்துவிட்டார் மேஸ்திரி. முதல் படி. கூடத்துக்கு நடுவில்.

ராத்திரி முழுக்க ஷிப்ட் பார்த்த அன்புராஜ் தூங்கப் போகாமல் சாக்கை நனைத்து அதன்மேல் போட்டான்.

டூட்டி முடிந்து வந்த உஷாராணி வாசல் பள்ளத்தைத் தாண்டி உள்ளே நுழைந்து, செருப்போடு நின்றுவிட்டாள். தகரமும் பலகையும் இல்லாததால் கூடத்தில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது.

"இன்னாப்பா இது?"

"படி. பார்த்தா தெரியல?"

"அப்போ வெளிய தோண்டனது?"

"உங்கம்மா அதுல வாழக்கன்னு வெக்கப் போறாளாம்." அவர் அவளைப் பார்க்காமல் கரணையைத் துடைத்தார். "இதுக்குக் காலைல சாயங்காலம் தண்ணி ஊத்தணும். நான் சைட்டுக்குப் போயிடுவேன். உங்கண்ணன் தூங்குவான். உங்கம்மாவுக்கு மூட்டு வலி. நீ ஆஸ்டல்லேர்ந்து தினிக்கும் வந்து ஊத்திட்டுப் போவியா?"

அவள் பையை வைத்துவிட்டு, அந்தப் பெயிண்ட் வாளியிலேயே தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினாள். "ஏய், கொட்டாத, பச்சப் படி அது. கையால தெளி" என்று அதட்டினார். தெளித்தாள். யூனிபார்மில் சிமெண்ட் பட்டது. அவர் பார்த்துவிட்டு மறுபடி கரணையைத் துடைத்தார்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் ஊறுகாய் பாட்டில் இல்லை. பரண்மேல் ஏறிவிட்டிருந்தது. சுப்புராயன் உப்பில்லாத ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது படி முழுக்க ஏறிவிட்டது. மேலே சுவர் பாதி நிற்கிறது. பிள்ளைகள் இரண்டும் இன்னும் அந்த வீட்டில்தான். பாத்ரூம் ஒன்றுதான், டீவிக்கு இன்னும் சத்தம் வரவில்லை, டீக்கடைப் புலம்பலும் குறையவில்லை. பாகூர்ப் பக்கமிருந்து இன்னொரு பெண் வீட்டார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே தனி வாசல் வைத்துவிடு என்று பாக்யராஜ் மறுபடி போன் பண்ணினான்.

"வரட்டும் மச்சான்" என்றார் சுப்புராயன். "கூடத்துக்குள்ள வந்து, என் பொண்ணு கையால காபி வாங்கிக் குடிச்சிட்டு, அப்பறம் மேல ஏறிப் பாக்கட்டும்."