ரிட்ஜைத் தாண்டிப் பெண் பார்க்கப் போனோம்

எனக்கு அப்போது பத்து வயது. டில்லியில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மாலி என்று ஒரு நாடு. அங்கே வேலையாகப் போன ஒரு அதிகாரிக்கு மூன்று வருஷம் டிரைவராக இருந்தார்.

வந்த நாளிலிருந்து ஒரே கதைதான். டோகோன் என்கிற ஜனங்களின் ஊர்களைப் பார்க்க அதிகாரியும் அவர் மனைவியும் நடந்து போனார்களாம். கார் போகாத இடம். மாமா தண்ணீரும் அரிசியும் சுமந்து கூடப் போனாராம். செங்குத்துப் பாறையில் குளவிக்கூடு மாதிரி மண் வீடுகள். தானியக் குதிருக்கு வைக்கோல் தொப்பி. படி வெட்டிய ஒற்றை மரம்தான் ஏணி. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாமா வாயைத் திறந்தாலே அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

மாமாவுக்கு முப்பத்தைந்து. மூன்று பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர் டிரைவர் வேலை என்றார். ஒருவர் வயது என்றார். ஒருவர் ஒன்றுமே சொல்லவில்லை. நாலாவது இடம் புசா ரோடு பக்கம். இதுவும் தட்டிப்போனால் இனி அலைய மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஞாயிறு நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மாமா பஸ் வேண்டாம் என்றார். ரிட்ஜ் குன்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் புசா ரோடு, ஒரு மணி நேர நடை என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் அப்பாவும் பழப்பையோடு பஸ்ஸுக்குப் போனார்கள். மாமாவுக்கு என்னைக் காவல் வைத்தாள்.

"எங்கயும் நிக்க விடாத. நாலு மணிக்கு அங்க இருக்கணும்."

மே மாத வெயில். வழியெல்லாம் கீக்கர் என்கிற கருவேல முள். எனக்குப் புதுச் செருப்பு வேறு. முள்ளைக்கூடத் தாண்டிவிட்டோம். ஆட்களைத்தான் தாண்ட முடியவில்லை. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எதிரே வந்தார். மாமா நின்றுவிட்டார். அப்பா எப்படி, அம்மா எப்படி, மனைவி, பிள்ளைகள், வீடு, ஆடுகள் என்று ஹிந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த ஆள் முழித்துக்கொண்டே, நல்லா இருக்கு என்கிற அர்த்தத்தில் டீக் ஹை, டீக் ஹை என்றார். அடுத்தது சுள்ளி பொறுக்கும் அம்மாள். அப்புறம் காட்டுக் காவலாளி. எங்களை விசாரிக்க வந்தவரை மாமா விசாரித்து அனுப்பினார்.

"ஜல்தி வாங்க மாமா. அம்மா என்னத்தான் அடிப்பாங்க."

"இரு பாப்பா. டோகோன் ஊர்ல எதிர்ல வர்றவங்கள விசாரிக்காம தாண்டக் கூடாது."

"இது டில்லி மாமா."

"இங்கயும் மனுஷங்கதான நடக்குறாங்க? பதில் அங்க ஒண்ணே ஒண்ணுதான். நல்லா இருக்காங்க. வீட்ல சாவு விழுந்திருந்தாலும் முதல்ல அதத்தான் சொல்லணும். மத்தத அப்புறம் உக்காந்து சொல்லிக்கலாம்."

இறக்கத்தில் என் செருப்பு வார் அறுந்தது.

"செருப்பு எப்படி இருக்கு?" என்றார் மாமா.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிஷம். மாமாவின் சட்டைக் கை கிழிந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். அந்தச் சுவரில் ஒரு அம்மாளின் படம், மாலை போட்டு.

பெண் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை பேசுகிற வழக்கம் இல்லை. மாமா டம்ளரை வாங்கிக்கொண்டு, "அப்பா நல்லா இருக்காரா?" என்றார். அவளுடைய அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்காரு" என்றாள் பெண். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

"தம்பி?"

"நல்லா இருக்கான்."

"அம்மா?"

என் அப்பா செருமினார். பெண் படத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்காங்க" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா பொரிந்து தள்ளினாள். "போன வருஷம் தவறிட்டாங்கன்னு ரெண்டு தரம் சொன்னேனேடா."

"வாய் பழக்கத்துல போயிடுச்சுக்கா."

"நாலாவதும் போச்சு."

"அந்த அக்காதான் பொய் சொன்னாங்க" என்றேன். எனக்கு ஒரு அறை விழுந்தது.

வியாழக்கிழமை ஆள் வந்தது. சம்மதமாம். பெண்ணே சொன்னாளாம். "அவளும் இவன மாதிரிதான் போல" என்றாள் அம்மா. சந்தோஷத்தைக்கூட எரிச்சலாகத்தான் சொன்னாள்.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என் அத்தையாகிவிட்ட அந்தப் பெண் சொன்னாள். "அம்மா போனப்புறம் எங்க வீட்ல அவங்க பேச்சையே யாரும் எடுக்கல. நான் அழுதுடுவேன்னு பயம். உங்க மாமாதான் கேட்டாரு."

அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அறுந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடி வாங்கிய கன்னத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பொய் சொன்னது அவள், அடி எனக்கா என்று வீடு வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.