வரிசையில் நின்ற சாமி

நாங்கள் ஆர்.எஸ்.புரத்தில் குடியிருந்த வீதிக்குச் சிறுவாணி நீர் தர ஒரே குழாய்தான் இருந்தது. விடியுமுன் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசிக்கொண்டிருப்போம். குடம் நின்றால் ஆள் நின்றதாகவே கணக்கு.

ஒரு மார்கழியில் பிள்ளையார் அபிஷேகத்துக்கு நீர் கொண்டுபோகும் பேறு எனக்கு வாய்த்தது. பதிகம் பாடியவாறே, யாரும் பாராத வேளையில், கடைசியிலிருந்த என் குடத்தை முதலிடத்துக்கு நகர்த்தினேன். அறத்தைப் பற்றி எத்தனையோ பாடல்கள் எனக்கு மனப்பாடம்; அவற்றுள் ஒன்றும் குறுக்கே வரவில்லை. குரல்கூடப் பிசகவில்லை.

முதற்குடத்துக்கு உரியவர் ஒரு மில் தொழிலாளியின் மனைவி. நீர் வந்ததும் திரும்பி வந்தார்.

“ஏனுங்க, உங்க குடத்துக்குக் கால் மொளச்சுபோட்டுதுங்களா?”

“சாமிக்குங்க அம்மணி.”

“அப்ப நீங்களே புடிச்சுக்குங்க. எங்கூட்டுக்காரரு சோறில்லாம மில்லுக்குப் போய்க்குவாருங்க. வரிசையில நின்னு சாமிக்குப் பழக்கமில்லையாட்ட இருக்குது.”

வைதிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எல்லாரும் “வாங்க, வாங்க” என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்கே போனேன். என் முறை வருமுன் நீர் நின்றுவிட்டது.

“தண்ணி எங்கீங்க?” என்றார் பூசாரி, வெறுங்குடத்தைப் பார்த்து.

“சாமி இன்னிக்கு வரிசையில நின்னுதுங்க. மொறை வரலீங்க.”

அன்று கிணற்று நீரில்தான் அபிஷேகம். பதிகத்தில் எனக்கு இரண்டு இடங்களில் குரல் பிசகியது, பிள்ளையார் பொறுத்துக்கொண்டார்.