வார்மர் ரிப்பேருக்குப் போன இடத்தில்

ஏ.சி. ரிப்பேருக்கு வருகிற ஆளுக்கு ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்டு டீ கொடுப்பார்கள். வார்மர் ரிப்பேருக்கு வருகிற எனக்கு டூல் பாக்ஸை வைக்க ஒரு ஸ்டூல் கிடைத்தாலே பெரிய விஷயம்.

வார்மர் என்பது பிரசவ அறையில் இருக்கும் சின்னக் கட்டில். தலைக்கு மேல் ஹீட்டர் எரியும். மாதம் நிறையாமல், எடை குறைந்து பிறக்கிற குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்காது. துடைத்துச் சூடாக வைக்காவிட்டால் சில நிமிஷத்தில் சில்லிட்டுப் போகும். சில்லிட்டால் மூச்சே தடுமாறும். அதற்குத்தான் அந்தக் கட்டில். நான் பயோமெடிக்கல் டிப்ளமா படித்துவிட்டு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தக் கட்டில்களைப் பழுது பார்க்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஏதாவது ஒரு மெஷினோடு மாரடிக்கிறவர்கள் என்றால், உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். மெஷின் பெயர் மட்டும்தான் மாறும்.

இந்த வெயிலிலா?

மே மாதம், நடு மத்தியானம். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மடியில் புது ஹீட்டர் ராடு. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பிறந்த குழந்தைக்குச் சித்திரை வெயிலும் குளிர்தான், அம்மா வயிற்றுக்குள் இருந்த சூடு வெளியே கிடையாது என்று டோல்கேட் வரைக்கும் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நான் இறங்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மெட்ராஸ்ல சூடு பத்தலியாம் நைனா, மெஷின் வெச்சி ஏத்துறாங்களாம்."

அவரை விடுங்கள். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களும் இதையேதான் நினைக்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை.

கவர் பிரிக்காத கட்டில்

ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் பழைய வார்மரைப் பார்க்கப் போனேன். ஹீட்டர் பாதி செத்திருந்தது. குறைகிற சூட்டை ஈடுகட்ட, பக்கத்தில் ஒரு டேபிள் லேம்ப்பில் குண்டு பல்பு மாட்டி, குழந்தை மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். ராடு வாங்கி வரலாம் என்று ஸ்டோர் ரூமுக்குப் போனால், அங்கே புத்தம் புது வார்மர் ஒன்று பிளாஸ்டிக் கவரோடு நிற்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. மேலே ரோஸ் ரிப்பன்கூடக் கட்டியாகிவிட்டது.

மூன்று மாதமாக அப்படியே நிற்கிறதாம். திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வர வேண்டுமாம். "அங்கே குழந்தையைப் பல்புக்குக் கீழே போட்டிருக்கிறார்கள் சார், நான் இப்போதே மாட்டித் தருகிறேன், அவர் வரும் அன்றைக்கு மறுபடி ரிப்பனைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றேன். ஸ்டோர்காரர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "குழந்தை தினம் பொறக்கும்மா, அவரு தேதி கிடைக்கிறதுதான் கஷ்டம்."

வேர்வை

"வார்மரில் சூடே ஏறவில்லை" என்று ஒரே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மூன்றாவது முறையாகப் புகார். மூன்று முறையும் மெஷினில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது முறை கட்டிலுக்கு மேல் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்தேன். கொடி மாதிரி பறந்தது. ஏ.சி.யின் காற்று நேராகக் குழந்தை படுக்கிற இடத்தில் அடிக்கிறது. மேலே இருந்து சூடு, பக்கத்திலிருந்து, டாக்டருக்கு வேர்க்காமல் இருக்க வைத்த பதினெட்டு டிகிரிக் காற்று. எந்த ஹீட்டரால் முடியும்?

டாக்டரிடம் காகிதத்தைப் பறக்க விட்டுக் காட்டினேன். பிரசவ நேரத்திலாவது ஏ.சி.யைக் குறைக்கலாம், அல்லது கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றலாம், நானே தள்ளித் தருகிறேன் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீ மெஷினைப் பாரும்மா, ரூமை நான் பாத்துக்கறேன்."

கன்னியம்மாவின் துணிக்கொடி

இதில் தப்பு என்னுடையது. மழைக்காலத்தில் ஒருநாள் பிரசவ வார்டுக்குள் நுழைந்தால், வார்மர் கட்டில் முழுக்கத் துணி காய்கிறது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஆயா கன்னியம்மாவைக் கூப்பிட்டு, இது குழந்தைக்கா, உங்கள் புடவைக்கா என்று நாலு பேர் எதிரில் கத்தினேன்.

அந்த அம்மா சடையங்குப்பத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வந்திருந்தார். அவர் புடவை இன்னும் ஈரமாக உடம்பில்தான் இருந்தது. கட்டிலில் காய்ந்தவை குழந்தைகளைத் துடைத்துச் சுற்றுகிற துணிகள். மழையில் சலவைக்குப் போனவை நாலு நாளாகத் திரும்பவில்லை. ஆபீசில் கேட்டால் வரும், வரும் என்கிறார்கள். உள்ளே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. கன்னியம்மா ஒரு துணியைத் தொட்டுப் பார்த்துத் திருப்பிப் போட்டார். "நீ கத்து பாப்பா, ஆனா ஆபீஸ் ரூமாண்ட போய் கத்து."

போனேன். கத்தினேன். மறுநாள் சலவை வந்தது.

நெட்டுக்குப்பத்துக்காரர்

எண்ணூர்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம். அவர்களிடம் ஒரே ஒரு வார்மர். ஹீட்டர் ராடு எரிந்துபோனதைக் கண்டுபிடித்து, கம்பெனிக்குப் போன் செய்து புது ராடு அனுப்பச் சொல்லிவிட்டு நிற்கிறேன், எட்டு மாதக் குழந்தை ஒன்று பிறந்துவிட்டது. ஒன்றே முக்கால் கிலோ. நன்றாக அழுதது. ஆனால் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் அவளை விட்டு நகர முடியாது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அதுவும் சரி, என் ராடும் சரி, கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நிற்கிறது.

நர்ஸ் ஸ்டெல்லா குழந்தையைத் துடைத்து, குல்லாய் போட்டுவிட்டு, என்னைப் பார்த்தாள். "எவ்ளோ நேரம் ஆகும்?" "ஒரு மணி நேரம். மேலேயும் ஆகலாம்." அவள் வெளியே போய்க் குழந்தையின் அப்பாவைக் கூட்டி வந்தாள். நெட்டுக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவர், வயது இருபத்தைந்து இருக்கும். கை, நெஞ்செல்லாம் சோப்பு போட்டுக் கழுவ வைத்து, சட்டையில்லாமல் உட்கார வைத்து, குழந்தையை அவர் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்க வைத்துப் போர்த்தினாள். அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். ஆண்கள் பிரசவ வார்டுக்குள் வரக் கூடாது, மற்ற பேஷண்ட்டுகள் என்ன நினைப்பார்கள் என்றார். ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் கதவை மறித்துக்கொண்டு, "உங்கள் மெஷின் செத்துப் போச்சு சார். அவரையும் வெளியே அனுப்பினால் குழந்தையை எங்கே வைப்பது?" என்று கேட்டேன். அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

மின்விசிறியை நிறுத்தினேன். வார்மரில் ஹீட்டர்தான் போயிருந்தது. சூட்டைக் காட்டும் திரை வேலை செய்தது. சென்சாரைக் குழந்தையின் முதுகில் ஒட்டினோம். முப்பத்தைந்து புள்ளி மூன்று. முப்பத்தாறரையாவது இருக்க வேண்டும். அப்பா மூச்சுவிடவே பயந்தார். "நல்லா மூச்சு வுடுப்பா" என்றாள் ஸ்டெல்லா. புள்ளி ஐந்து. புள்ளி எட்டு. முப்பத்தாறைத் தாண்டியபோது அம்மாவுக்கு ரத்தம் நின்றுவிட்டது என்று உள்ளேயிருந்து சொன்னார்கள். அப்பா குழந்தையின் குல்லாயில் முகத்தை வைத்துக்கொண்டார்.

ராடு வந்ததும் பரபரவென்று ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். திரையில் முப்பத்தாறரை. அவர் குழந்தையின் முதுகிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "பொறுமையா மாட்டு மேடம், எனக்கு ஒன்னியும் அவசரம் இல்ல."

புகார்

குழந்தை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், எடை கூடி வீட்டுக்குத் திரும்பியது என்று ஸ்டெல்லா பிறகு போனில் சொன்னாள். எனக்கு வந்தது புகார்க் கடிதம். ரிப்பேருக்கு வந்தவர் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசினார் என்று மேனேஜர் எழுதியிருந்தார். வார்மரை ஏன் ஒரு வருஷமாகச் சர்வீஸ் செய்யவில்லை என்று ஒரு வரி இல்லை. எங்கள் சூப்பர்வைசர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மெஷினைச் சரி பண்ண அனுப்பினா, மெஷின் இல்லாமலே முடியும்னு காட்டிட்டு வந்திருக்கியேம்மா."

பச்சைக் குழந்தையின் சூடு குறையக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததில், இத்தனை வருஷமாகக் கொஞ்சமும் குறையாமல் இருப்பது என் சூடு மட்டும்தான்.