பெருநாட்டின் பிரதிநிதி நாச்சிமுத்து

தேயிலை விலை சரிந்து, குன்னூர் மலையில் எல்லோரும் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டில், கம்பவுண்டர் நாச்சிமுத்து ஒரே ஒரு நாள் வல்லரசாக இருந்தார். அவராக விரும்பி ஏற்ற பதவி அல்ல.

அவருடைய நிரந்தரப் பதவி, எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருமலுக்கு மருந்து கலக்குவதும் காயத்துக்குக் கட்டுப்போடுவதும். பத்தொன்பது வருட சேவை. நஷ்ட காலத்தில் எதையெல்லாம் மூடலாம் என்று மேனேஜர் கீர்த்திவாசன் போட்ட பட்டியலில் முதல் பெயர் டிஸ்பென்சரி. வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும். ஐம்பத்திரண்டு வயதில் எங்கே போவது?

அந்த வாரம்தான் பக்கத்து ஊரான வெலிங்டனில் ஒரு பயிலரங்கு. உலக நாடுகள் கூடிப் பூச்சிமருந்துத் தடை பற்றிப் பேசுவதுபோல் நடித்துப் பார்க்க வேண்டும். விஞ்ஞானிகள் சொல்வதை அரசாங்கங்கள் எவ்வளவு தூரம் காதில் போட்டுக்கொள்கின்றன என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். 'மேனேஜரும், மருந்துக்குப் பொறுப்பானவரும் வரவும்' என்றது அழைப்பு. எஸ்டேட்டில் செடிக்கு அடிப்பதும் மருந்து, மனிதருக்குக் கொடுப்பதும் மருந்து. ஆபீஸ் கிளார்க் கம்பவுண்டரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

பயிலரங்கை நடத்திய சுவாதி, சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர், ஒவ்வொருவர் சட்டையிலும் ஓர் அட்டையைக் குத்தினார். மேனேஜர் 'சிறுதீவு': எங்கோ அடித்த விஷம் கடலில் கலந்து, மீன் வழியாக மக்களைக் கொல்லும் பாவப்பட்ட நாடு. கம்பவுண்டர் 'பெருநாடு': அந்த விஷத்தைத் தயாரிக்கும் நாடு. அவர் பேசவேண்டிய வசனம் அட்டையின் பின்னால் அச்சாகியிருந்தது: போதிய ஆதாரம் இல்லை.

"ஏனுங்க மேடம், நா கம்பவுண்டருங்க. ஆள் மாறி வந்துட்டனுங்க."

"பரவாயில்லை சார். இங்க எல்லாருமே ஆள் மாறித்தான் உட்கார்ந்திருக்காங்க."

கல்லூரி நாடகங்களில் பரிசு வாங்கிய கீர்த்திவாசன் எழுந்தார். குரல் தழுதழுத்தது. "எங்க சனங்க வாந்தி எடுக்கறாங்க. மூச்சு முட்டிச் சாகறாங்க. இதை எழுதிவெச்ச ஒரு வைத்தியன்கூடவா இந்த உலகத்துல இல்லீங்க?" ஐரோப்பாவாக உட்கார்ந்திருந்த, கேத்தி கிராமத்துக் காரட் விவசாயிகள் மூவரும் கைதட்டினார்கள்.

வைத்தியர் எதிர் நாற்காலியிலேயே இருந்தார். மருந்தடிக்கும் நாட்களில் யார் யார் வாந்தியோடு வந்தார்கள் என்று ஒன்பது வருடமாக டிஸ்பென்சரி நோட்டில் எழுதிவைத்திருந்தார். அதைச் சொன்னால் சிறுதீவு ஜெயிக்கும், மேனேஜர் மானம் போகும். இருவரும் ஒரே ஆள் என்பதுதான் சிக்கல்.

"பெருநாடு பதில் சொல்லணும்," என்றார் சுவாதி.

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். சிறுதீவின் கண்ணில் நீர் அப்படியே நிற்க, புருவம் மட்டும் எஸ்டேட் மேனேஜராக உயர்ந்தது.

"போதிய ஆதாரம் இல்லீங்க."

"விஞ்ஞானிகளோட அறிக்கை?"

"அதையும் இன்னும் ஆராயோணுமுங்க." இது அட்டையில் இல்லாதது. பயம் சொந்தமாக எழுதிக் கொடுத்த வசனம்.

தடைத் தீர்மானம் தோற்றது. எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் மேனேஜர் குதூகலமாக இருந்தார். "பிரமாதமுங்க நாச்சிமுத்து! முகத்துல ஒரு அசைவு இருக்கோணுமே! நானே நம்பிட்டேன்."

கம்பவுண்டர் தைரியத்தைத் திரட்டினார். "அப்ப நம்ம டிஸ்பென்சரிங்க, சார்?"

"அதான் நீங்களே ஆதாரம் இல்லைன்னுட்டீங்களே. சீக்கே இல்லாத எஸ்டேட்டுக்கு டிஸ்பென்சரி எதுக்குங்க?" ஜீப் இரண்டு வளைவு இறங்கியதும் மேனேஜரே தொடர்ந்தார். "ஆனா உங்களை விடமாட்டனுங்க. டீத்தூள் வாங்க வர்றவங்க, என்ன மருந்து அடிக்கறீங்க, ஆளுங்களுக்கு ஏதாச்சும் ஆகுதான்னு கேட்டுத் தொலைக்கறாங்க. நீங்க வந்து நின்னு, இன்னிக்குச் சொன்னதையே சொல்லுங்க. போதும்."

மாதம் பிறந்ததும் டிஸ்பென்சரி பூட்டப்பட்டது. நாச்சிமுத்துவின் வேலை தப்பியது, வீடு தப்பியது, புதிதாக ஒரு வெள்ளைக் கோட்டும் தைத்துக் கொடுத்தார்கள். எஸ்டேட்டின் நிரந்தரப் பெருநாடாக அவர் பதவியேற்றார்.

ஆடி மாதம், கொச்சியிலிருந்து தூள் வாங்க இருவர் வந்திருந்தார்கள். நாச்சிமுத்து தம் வசனத்தை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். மருந்தடிக்கும் தொழிலாளி சங்கிலி, முதுகில் தெளிப்பானோடு தேயிலை வரிசையிலிருந்து தடுமாறி ஏறி வந்தான்.

"கம்பவுண்டரய்யா, கண்ணு ரெண்டும் தீயாட்டம் எரியுதுங்க. ஏதாச்சும் ஊத்துங்க."

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார்.

"வெயிலுங்க," என்றார் நாச்சிமுத்து. "வெயில் ஒத்துக்கலை."

மூன்று நாளாக மலையை மூடியிருந்த பனிமூட்டத்தை நோக்கிச் சங்கிலி திறக்க முடியாத கண்களோடு முகத்தை உயர்த்தினான்.

"எங்கீங்க?" என்று கேட்டான்.